முழுகாத நாட்கள்

அருணாதேவியின் காதில் அந்தச் சொல் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி கவிநிலா தன் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டாள்.

"இன்னும் முழுகலம்மா. அத்தைகிட்ட இன்னா சொல்றதுன்னே தெரியல."

அருணாதேவி துணியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

முழுகாமல் இருக்கிறாள். கைக்குழந்தை மாறனுக்கு இன்னும் முதல் பிறந்தநாள்கூட வரவில்லை. அதற்குள் அடுத்தது.

அன்றிலிருந்து பார்த்ததெல்லாம் அந்தச் சொல்லோடு பொருந்திப் போயிற்று. கவிநிலா பூஜை அறைப் பக்கமே வருவதில்லை. கேட்டால் அலுப்பு என்றாள். முகம் வெளுத்திருந்தது. மைத்துனன் செழியன் மனைவியின் சாப்பாட்டுத் தட்டை மாடி அறைக்கே எடுத்துக்கொண்டு போனான். ஒரு நாள் வெந்நீர்ப் பை வாங்கி வந்தான். இன்னொரு நாள் பைக்கை நிறுத்தியவன் கையில் மாதுளம்பழம் இருந்தது. வீட்டில் உள்ள எல்லாருக்கும் என்று வாங்கியதில்லை என்பது பையின் அளவிலேயே தெரிந்தது.

அருணாதேவி அந்தப் பையைத்தான் பார்த்தாள்.

இரண்டு வருடம் முன்பு அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. மகள் தென்றலுக்குப் பிறகு வெகுநாள் கழித்துத் தங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. பிறகு வீடு. அந்த வாரம் முடிவதற்குள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தலைக்குக் குளித்துவிட்டால் நின்றுவிட்டது என்று இந்த வீட்டில் அர்த்தம். உண்மையில் நிற்கவில்லை. எத்தனை நாள் போகும், எவ்வளவு போனால் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கணவன் கலையரசன் ஒரு முறை வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்ப பரவாயில்லையா?" என்றான். அவள் தலையாட்டினாள். அதோடு முடிந்தது.

வெந்நீர்ப் பை என்று ஒன்று கடையில் விற்கிறது என்பதே அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

*

இன்று பௌர்ணமி, சனிக்கிழமை. ஆபீஸ் இல்லை.

கிரிவலம் வருகிறவர்களுக்கு மாதாமாதம் தயிர்சாதம் கொடுப்பது இந்தக் குடும்பத்தின் வேண்டுதல். காலையிலேயே பின்கட்டில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. மாமியார் ராஜம்மாள் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அருணாதேவி சாதம் வடித்தாள். ஆறு கைகள் செய்ய வேண்டிய வேலையை நான்கு கைகள் செய்தன.

"சின்னவ எங்க?"

"படுத்திருக்கா, அத்தை."

"பொழுதுக்கும் படுத்திருந்தா எப்படி? உடம்புக்கு இன்னாவாம்?"

சொல்ல வேண்டும் என்று அருணாதேவி நினைத்திருக்கவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது.

"உங்ககிட்ட சொல்லலியா? முழுகாம இருக்காளாட்டம் இருக்குது."

மாமியார் முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை, வருஷம்கூட ஆகவில்லை, இதற்குள் என்ன அவசரம் என்று ஒரு பேச்சு பேசுவாள். அதைக் காதாரக் கேட்டுவிட்டுச் சாதத்தைக் கிளறலாம்.

ராஜம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நெசமாவா?"

"காதுல விழுந்துச்சு."

"அதான் மூஞ்சி அப்படி வெளுத்துக் கெடக்குதா." அவள் கண்கள் நனைந்துவிட்டன. "யாருகிட்டயும் சொல்லாத தேவி. மூணு மாசம் ஆவட்டும், அவளே சொல்லட்டும். ஐயோ, நான் வேற நேத்து அவள தண்ணிக் குடம் தூக்கச் சொன்னனே."

தயிருக்கு உறை ஊற்ற வைத்திருந்த கெட்டிப் பாலில் ஒரு டம்ளர் எடுத்துக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு ஆற்றினாள். அருணாதேவி டம்ளரை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ அடுப்பைப் பாரு. நானே குடுத்துட்டு வரேன்."

முட்டி வலிக்கிறது என்று பல நாட்களாக மாடிப்படியில் கால் வைக்காதவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

அருணாதேவிக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ சுட்டது. அடுப்பின் அனல் அவ்வளவு உயரத்துக்கு வராது.

*

அவளுடைய அம்மா வீடு கீழ்பென்னாத்தூர். புது எள் வந்ததும் அங்கிருந்து எள்ளுருண்டை வரும். முந்தாநாள்தான் தம்பி ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

பிள்ளை தங்கிய வயிற்றுக்கு எள் ஆகாது. இந்தப் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சூடு, கலைத்துவிடும் என்பார்கள்.

அருணாதேவி இரண்டு உருண்டைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சோதித்துப் பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேண்டாம் என்றால் உறுதி. அவ்வளவுதான்.

கவிநிலா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மாறன் தூங்கினான். ராஜம்மாள் வைத்துவிட்டுப் போன பால் ஏடு கட்டிப்போய் ஜன்னலில் இருந்தது.

"இந்தா கவி. எங்க வீட்டுல செஞ்சது."

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு ஏறி வந்தீங்க?" கவிநிலா எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். "வெல்லம் கரெக்டா இருக்குது. அத்தை குடுத்த பாலுதான் எறங்கவே இல்ல. இன்னிக்கு இன்னா புதுசா பாலெல்லாம்?"

"எனக்கு இன்னா தெரியும்."

இரண்டாவதையும் எடுத்தாள். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். அருணாதேவி கதவில் சாய்ந்து நின்று, கடைசித் துணுக்கு வரை அவள் மென்று விழுங்குவதைப் பார்த்தாள். பிறகு கீழே வந்து தயிரைக் கடைந்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியதைத் துணியால் துடைத்தாள்.

*

மதியம் சாய்ந்ததும் அண்டாக்கள் வண்டியில் ஏறின.

"தண்ணி கேன் எடுத்து வெச்சியா? தொன்னை எங்க?" கலையரசன் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். செழியன் அண்டாவைக் கயிற்றால் கட்டினான். நடுவே ஒரு தடவை மாடிக்கு ஓடிப் போய்விட்டு வந்தான்.

அருணாதேவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பி நின்றாள். கிரிவலப் பாதையில் போடும் பந்தலில் கரண்டி பிடிப்பது அவள்தான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து.

"நீ இரு," என்றாள் ராஜம்மாள். காதருகே குரலைத் தாழ்த்தினாள். "சின்னவளைத் தனியா விடக்கூடாது. கூடவே இரு."

வண்டி கிளம்பியது. இரண்டு வருடம் முன்பு அதே பந்தலில், துணிக்குள் இன்னும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்த நிலையில், சாமிக்கு முன்னால் பொய் சொல்கிறோம் என்ற பயத்தோடு அவள் நின்று பரிமாறினாள். அன்று, 'நீ வீட்டில் இரு' என்று யாரும் சொல்லவில்லை. இன்று இன்னொருத்திக்குக் காவலாக இருக்கச் சொல்கிறார்கள்.

டிவியைப் போட்டாள். அணைத்தாள்.

மேலே குழந்தை அழுதது. யாரும் சமாதானப்படுத்தவில்லை. பிறகு குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல மெல்லிய குரல்.

"அக்கா... கொஞ்சம் வரீங்களா?"

*

கவிநிலா குளியலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி தொடைக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தது. தரையில் தண்ணீரோடு கலந்து ஓடிய சிவப்பு, வடிகால் சல்லடையில் கட்டியாகத் தங்கி நின்றது.

அருணாதேவி ஈரத் தரையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நான் குடுத்திருக்கக் கூடாது," என்றாள். "தெரிஞ்சேதான் குடுத்தேன் கவி. தெரிஞ்சே."

"இன்னாத்த?"

"எள்ளு. நீ முழுகாம இருக்கறது எனக்குத் தெரியும். மாடியில அம்மாகிட்ட சொன்னியே."

கவிநிலா அவளையே பார்த்தாள். வலியில் சுருங்கியிருந்த முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அருணாதேவியை இன்னும் பயமுறுத்தியது.

"முழுகாம இருக்கேன்னா சொன்னேன்? இன்னும் முழுகலன்னு சொன்னேன். ரத்தம் நிக்காம எப்படிக்கா தலைக்கு ஊத்திக்கறது? அம்மா அதைத்தான் கேட்டாங்க."

"ரத்தமா? இன்னா ரத்தம்?"

"இருந்துச்சு. வேணாம்னு நானும் அவரும் டாக்டரைப் பாத்து மாத்திரை போட்டோம். பத்து பதினஞ்சு நாள் ஆவுது." மூச்சை இழுத்துவிட்டாள். "கம்மி ஆயிட்டேதான் வந்துச்சு. முந்தாநாள் சும்மா பட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னிக்கு மதியத்துலேர்ந்து திரும்ப ஜாஸ்தி. ரெண்டு மணி நேரமா பேட் நிக்கவே மாட்டேங்குது. அப்படி ஆனா வீட்டுல இருக்கக் கூடாது, உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கல."

பௌர்ணமிக் கூட்டத்தில் எந்தப் போனும் கேட்காது.

வேணாம்னு. அந்தச் சொல் அருணாதேவிக்குள் போய்க் குத்தியது. அவள் வெகுநாள் காத்திருந்தது தானாகப் போயிற்று. இவளுக்குக் கேட்காமலே வந்தது. இவள் மாத்திரை போட்டு அனுப்பினாள். அந்தக் கணத்தில் கவிநிலாவை உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. உலுக்கப் போன கை, அவள் நெற்றியைத் தொட்டது. சில்லென்று வேர்த்திருந்தது.

"எழுந்திரு. என் தோளைப் பிடிச்சிக்க."

*

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ராமதாஸ் பௌர்ணமியன்று ஸ்டாண்டுக்குப் போவதில்லை. ஊருக்குள் ஆட்டோ நுழைய முடியாது. அவர் மனைவி வினோதினி ஒன்றும் கேட்காமல் மாறனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தென்றலின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். வெளியூர் பஸ்களிலிருந்து இறங்கியவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி சாலை முழுக்க நடந்தார்கள்.

"வண்டி போவாதும்மா. திருப்பு, திருப்பு," என்றார் போலீஸ்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இன்னா உடம்புக்கு?"

கவிநிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருணாதேவி ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். தன் வாழ்நாளில் ஆண் பிள்ளை ஒருவரிடம் அவள் சொல்லியிராததை, நடந்துபோகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"பொம்பளைக்கு ரத்தம் போவுது சார். நிக்கல."

அவர் தடுப்பை இழுத்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டே ஆட்டோவுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடினார்.

*

டாக்டர் கஸ்தூரி ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கு. அதுதான் திரும்ப இப்படிப் போகுது. சில பேருக்கு ஆகும். இப்பவே சுத்தம் பண்ணிடலாம். நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போகலாம். சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

"காலையில எள்ளு சாப்பிட்டா, டாக்டர்," என்றாள் அருணாதேவி. "நான்தான் குடுத்தேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எள்ளுல இது வராது. எள்ளுல இரும்புச் சத்து இருக்குது. தேறினதும் இன்னும் ரெண்டு குடுங்க."

அவர் போகத் திரும்பினார். அருணாதேவி நகரவில்லை.

"இன்னொன்னு கேக்கலாமா? மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா பட்டுக்கிட்டே இருந்தா, அது சாதாரணமா?"

"கம்மியாகிட்டே வந்தா சாதாரணம்தான். பொதுவா ரெண்டு வாரத்துல அடங்கிடும். விட்டு விட்டுப் படுறது சில பேருக்கு ஒரு மாசம்கூட இருக்கும். தானா கலைஞ்சாலும் சரி, மாத்திரை போட்டாலும் சரி. கம்மியாயிட்டு வந்தது திடீர்னு ஜாஸ்தியானாதான் பயப்படணும். இல்லன்னா காய்ச்சல், கெட்ட வாடை, மயக்கம்." டாக்டர் நிறுத்தினார். "யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"இப்பவா?"

"இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு."

டாக்டர் உடனே போய்விடவில்லை. "அப்போ கூட யாராவது இருந்தாங்களா, அவங்களுக்கு?" என்றார்.

அருணாதேவி நடைக்கூடத்து விளக்கைப் பார்த்தாள்.

*

வினோதினி பந்தலுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். செழியன் வந்தபோது சட்டையில் தயிர் காய்ந்திருந்தது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. மற்றது கூட்டத்தில் போய்விட்டது. யாரையும் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனான். கவிநிலாவின் பாதங்களைப் போர்வைக்குமேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அருணாதேவி அந்தக் கைகளைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று திரும்பினாள். மறுபடி பார்த்தாள். எள்ளுருண்டை கொடுத்த காலையில்கூட அவளுக்கு இவ்வளவு பொறாமை இருந்ததில்லை. பிள்ளையும் இல்லை, பாலும் இல்லை. ஒருத்தி ரத்தம் சிந்துகிறாள் என்பதற்காக ஒருவன் ஒற்றைச் செருப்போடு ஓடி வருவது. அது.

"அண்ணி, நீங்க மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தான் அவன்.

"போய் ஒரு காபி குடிச்சிட்டு வா. நான் இருக்கேன்."

அவன் போனதும் கவிநிலா மெல்லக் கேட்டாள்: "அக்கா, அத்தைகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"இன்னா சொல்லணும்?"

"எனக்கு இப்ப வேணாம்னு தோணுச்சு. அவ்ளோதான்க்கா. கெட்டது பண்ணிட்டேன்னு நான் நெனைக்கல. ஆனா அத்தைக்குத் தெரிஞ்சா, மாறனைக்கூட எங்கிட்ட நிம்மதியா விட மாட்டாங்க. சாகற வரைக்கும் என்னை அதே கண்ணாலதான் பார்ப்பாங்க." கண்களை மூடிக்கொண்டாள். "நீங்க பாத்து சொல்லுங்க. உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம். அருணாதேவிக்கு அது பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் பிடித்திருந்தது. கெட்டிப் பாலும் பனங்கற்கண்டும் மாடிப்படி ஏறிய முட்டியும், எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திருப்பி எடுத்துவிடலாம். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

*

மாற்று நைட்டி எடுக்க அவள் வீட்டுக்கு வந்தபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சாலையில் நடந்த கூட்டம் இன்னும் பெருகியிருந்தது.

ராஜம்மாள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பந்தலைக் கலையரசனிடம் விட்டுவிட்டு, யாரோ ஒருவர் பைக்கில் ஏறி வந்திருக்கிறாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியபடியே இருந்தது. குளியலறையைக் கழுவிவிட்டிருந்தாள் என்பது பினாயில் வாசனையில் தெரிந்தது.

"சின்னவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா அத்தை. காலையில வந்துடுவா."

"அது?"

அருணாதேவிக்கு வாய்க்குள் இரண்டு சொற்கள் இருந்தன. கலைச்சிட்டா. கலைஞ்சிடுச்சு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முதல் சொல் உண்மை. அது நாக்கின் நுனியில் இனித்தது.

ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வி.

"கலைஞ்சிடுச்சு, அத்தை," என்றாள்.

ராஜம்மாள் அழவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். மாடி அறை ஜன்னலில் இருந்த தட்டு. வெல்லப் பாகில் ஒட்டிய கறுப்பு எள் அதில் இன்னும் இருந்தது.

"அவ முழுகாம இருக்கறது இந்த வீட்டுல உனக்கும் எனக்கும்தான் தெரியும்," என்றாள். குரல் உயரவில்லை. "நான் குடுத்தது பாலு. இதை யாரு குடுத்தது?"

எள் ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொன்னார். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் எது செய்தது? அதற்குப் பதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தது.

வெளியே யாரோ அரோகரா என்று குரல் கொடுத்தபடி நடந்துபோனார்கள். அருணாதேவி தட்டைக் கையில் எடுத்தாள். மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள்.